கழுத்துத் தண்டுவடக் காயம்: தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் சில வாரங்கள்

குற்றாலச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

என் சித்தப்பா மகன் தென்னை ஏறும் தொழிலாளி. வயது இருபத்தாறு. மட்டை கழிக்கும்போது கால் வழுக்கிக் கழுத்து மடங்க விழுந்துவிட்டான். கழுத்தின் ஐந்தாம் எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கியிருப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. மாலையில் விழுந்தவனுக்கு மறுநாள் பிற்பகலில் அறுவை சிகிச்சை செய்து, நொறுங்கிய எலும்பை நீக்கித் தகடு பொருத்தினார்கள். தோளைத் தூக்குகிறான், முழங்கையைச் சற்று மடக்குகிறான். அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் எங்களோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு அடுத்தடுத்த நாள்களில் மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போய், இப்போது வென்டிலேட்டரில் இருக்கிறான்.

தொண்டையில் துளையிட வேண்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். துளை போட்டால் பிறகு ஆயுளுக்கும் பேச்சு வராது என்று சித்தப்பா மறுக்கிறார். சளியை உறிஞ்சி எடுக்கும்போது இதயத் துடிப்பு நாற்பதுக்கும் கீழே இறங்குவதைத் திரையில் பார்த்துச் சித்தி மயங்கி விழுந்துவிட்டார். இதற்கிடையில், எட்டு மணி நேரத்துக்குள் ஓர் ஊசி போட்டிருந்தால் இன்று எழுந்து நடந்திருப்பான் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் அழுகையும் கோபமும் ஓயவில்லை. மருத்துவர்கள் நல்லவர்கள்தாம், ஆனால் நின்று பேச அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மயக்கவியலார்

முதலில் மூச்சைப் பற்றிச் சொல்கிறேன். கழுத்துக் காயத்தில் உயிருக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் கண்டங்களிலிருந்து (மேலிருந்து கீழாக எண்ணிடப்பட்ட பகுதிகளிலிருந்து) புறப்படுகிறது. உங்கள் தம்பிக்குக் காயம் ஐந்தில் என்பதால் அந்த நரம்பு பெரும்பகுதி தப்பியிருக்கிறது. ஆனால் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழந்துவிட்டன. ஆகவே அவரால் மூச்சை இழுக்க முடியும், வலுவாக இரும முடியாது. இருமாவிட்டால் சளி தேங்கி நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது. சுருங்கிய நுரையீரலை விரிக்க ஒற்றைத் தசையாக உழைக்கும் உதரவிதானம் களைத்துப்போகிறது. போதாக்குறைக்கு, முதல் சில நாள்களில் தண்டுவடத்தின் வீக்கம் மேல்நோக்கியும் பரவக்கூடும். வந்த அன்று பேசிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ திடீரெனத் திணறுவதை எங்கள் துறையில் அடிக்கடி பார்க்கிறோம். அதை அறுவை சிகிச்சையின் கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

தொண்டைத் துளை ஆயுள் தண்டனை அன்று. வாய்வழியாகச் செலுத்திய குழாயோடு ஒருவர் வாரக்கணக்கில் கிடந்தால், அவரை அமைதிப்படுத்த மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வாயைச் சுத்தம் செய்வதும் கடினம், குரல்வளையும் புண்ணாகிறது. துளை வழியே குழாய் இருந்தால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக எடுக்கலாம், வென்டிலேட்டரிலிருந்து சிறிது சிறிதாக விடுவிக்கலாம். நிலை தேறியதும் குழாயில் பேச்சு வால்வு பொருத்திப் பேச வைக்கிறார்கள். இருமும் வலு போதுமான அளவு திரும்பிய பிறகு குழாயை எடுத்துவிட்டால், பெரும்பாலோருக்குத் துளை தானாகவே மூடிக்கொள்ளும். ஐந்தாம் கண்டக் காயமுற்றவர்களில் பெரும்பாலோர் காலப்போக்கில் வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு கண்டங்களில் முழுக் காயம் என்றால் கதை வேறு.

குடும்பத்தார் குழம்புகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூச்சுத் திணறுகிறவரைச் சாய்த்து உட்கார வைப்பதுதான் நம் வழக்கம். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் பல வேளைகளில் அது தலைகீழ். தட்டையாகப் படுத்திருக்கும்போது வயிற்றின் உள்ளுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளி வைக்கின்றன. அங்கிருந்து இறங்க அதற்கு நீண்ட தூரம் கிடைப்பதால் மூச்சின் அளவு கூடுகிறது. உட்கார வைத்தால், தளர்ந்த வயிறு முன்னே சரிந்து, உதரவிதானமும் கீழே இறங்கி நின்றுவிடுகிறது. அதனால்தான் பின்னாளில் உட்கார வைக்கும்போது வயிற்றைச் சுற்றி அகலமான பட்டை கட்டுகிறார்கள்.

கேள்விக்குறி

மருத்துவர் பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு விடை வரவில்லை. எட்டு மணி நேர ஊசி என்பது கட்டுக்கதை அன்று. தொண்ணூறுகளில் என் மாமாவுக்கு அதைப் போட்டார்கள். அது ஏன் இந்தப் பையனுக்குத் தரப்படவில்லை? அறுவை சிகிச்சையை ஏன் மறுநாள் பிற்பகல் வரை தள்ளினார்கள்? இரவிலேயே செய்திருக்கலாமே? மருத்துவர்களை மருத்துவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்ற பேச்சு சும்மா எழுந்ததன்று.

மயக்கவியலார்

கேட்டது நியாயந்தான். அந்த ஊசி மெத்தில்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, காயமுற்ற எட்டு மணி நேரத்துக்குள் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மில்லிகிராம் வீதம் கொடுத்து, அடுத்த 23 மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 5.4 மில்லிகிராம் வீதம் செலுத்தினால் தசை வலுவில் முன்னேற்றம் தெரிவதாகச் சொன்னது. உலகமே அதைப் பின்பற்றியது. உங்கள் மாமாவுக்குப் போட்டதும் அந்த அலையில்தான். பிறகு அந்த ஆய்வைத் தோண்டிப் பார்த்தவர்கள், மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் பயன் தெரியவில்லை, எட்டு மணி நேரத்துக்குள் பெற்றவர்களை மட்டும் தனியே பிரித்த பிறகே தெரிகிறது, அதுவும் சிறிது என்று சுட்டிக்காட்டினார்கள். மறுபக்கம், நிமோனியா, புண்ணில் சீழ், இரைப்பையில் இரத்தக் கசிவு போன்ற தீங்குகள் கூடின. 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. 2017இல் வந்த வேறொரு பன்னாட்டு வழிகாட்டுதல், எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு 24 மணி நேரம் மட்டும் கொடுப்பதை ஒரு தெரிவாகக் கருதலாம் என்றது. ஆக, இன்று போடுகிற மருத்துவரும் உண்டு, போடாத மருத்துவரும் உண்டு. போடாததைக் கவனக்குறைவு என்று சொல்ல இடமில்லை. போட்டிருந்தால் நடந்திருப்பான் என்பது அந்த 1990 ஆய்வே சொல்லாத ஒன்று.

அறுவை சிகிச்சையில் உங்கள் பக்கம் நியாயம் கூடுதல். தண்டுவடத்தின் மீதான அழுத்தத்தை விரைவில் நீக்குவது நல்லது என்பதை 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு வலுப்படுத்தியது. ஆனால் அதில் வைத்த எல்லைக்கோடு 24 மணி நேரம். இப்போதைய வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. மாலையில் விழுந்தவருக்கு மறுநாள் பிற்பகலில் செய்தது அந்த எல்லைக்குள் வருகிறது. இன்னும் முன்பே செய்தால் இன்னும் நல்லதா என்ற விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இரத்த அழுத்தம் நிலைப்படாத ஒருவரை அரைகுறை ஏற்பாட்டோடு நள்ளிரவில் மேசையில் ஏற்றுவதற்கும் விலை உண்டு.

இரவுப்பணி

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். துடிப்பு குறைவதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. உங்கள் சித்திக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகள் மேல் மார்புத் தண்டுவடத்திலிருந்து வருகின்றன. கழுத்தில் காயம் ஏற்பட்டால் மூளையின் கட்டளை அவற்றுக்குப் போய்ச் சேருவதில்லை. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்போ மூளையிலிருந்து நேரே இறங்குவதால் பழுதில்லாமல் இருக்கிறது. பிரேக் மட்டும் வேலை செய்யும் வண்டி போன்ற நிலை அது. சளி உறிஞ்சும் குழாய் மூச்சுக்குழாயைத் தொட்டதும் வேகஸ் தூண்டப்பட்டுத் துடிப்பு சட்டென்று இறங்குகிறது. சிலருக்குச் சில நொடி நின்றும் போகும். அதனால்தான் உறிஞ்சுவதற்கு முன் முழு ஆக்சிஜன் கொடுக்கிறோம், குழாயை நீண்ட நேரம் உள்ளே வைப்பதில்லை, துடிப்பை உயர்த்தும் அட்ரோபின் ஊசியை ஏற்றித் தயாராகப் பக்கத்தில் வைக்கிறோம். முதல் சில வாரங்களில் இது கடுமையாக இருந்து பிறகு படிப்படியாகத் தணியும். புரட்டிப் படுக்க வைக்கும்போதும் வரக்கூடும் என்பதால் திரையை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்போம்.

இரத்த அழுத்தம் குறைவதும் இதே காரணத்தால்தான். இரத்தக் குழாய்களை இறுக்கி வைக்கும் கட்டளை அறுந்துபோவதால் அவை தளர்ந்துவிடுகின்றன. விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு இரத்தம் போய் அழுத்தம் குறைந்தால் துடிப்பு விரையும், கைகால் சில்லிடும். நரம்புவழி அதிர்ச்சியில் அழுத்தம் குறைந்தும் துடிப்பு மெதுவாக இருக்கும், தோல் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டும் ஒருசேர இருக்கவும் கூடும் என்பதால் வயிற்றுக்குள் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இது நரம்பால் வந்தது என்று முடிவு செய்கிறார்கள். சலைன் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். எனவே இரத்தக் குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்தைச் சிறு பம்ப் வழியாகச் செலுத்துகிறோம்.

நசுங்கிய தண்டுவடத்துக்கு இரத்தம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சராசரி அழுத்தத்தை ஒரு வாரம் வரை 85 முதல் 90 வரை வைத்திருக்க வேண்டும் என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது. 2024இல் வந்த வழிகாட்டுதல், கீழ் எல்லையை 75 முதல் 80 என்றும், மேல் எல்லையை 90 முதல் 95 என்றும், காலத்தை மூன்று முதல் ஏழு நாள் என்றும் தளர்த்தியிருக்கிறது. திரையில் 90க்கு 50 என்று தெரிந்தால், கீழ் எண்ணை இருமுறை சேர்த்து மூன்றால் வகுப்பதால், சராசரி ஏறத்தாழ 63தான். அதை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறாரா என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை. எந்த ஊசி விட்டுப்போயிற்று என்பதைவிட இது பயனுள்ள கேள்வி.

பனங்காட்டான்

எங்கள் பக்கம் மரத்திலிருந்து விழுந்தவரை நான்கு பேர் கை கால்களைப் பிடித்துத் தூக்கிச் சரக்கு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போவதுதான் இன்றும் நடக்கிறது. 108 வண்டியில் காலரும் பலகையும் இருக்கின்றன. வண்டி வரும்வரை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருக்க ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை.

செலவைப் பற்றி ஒரு தகவல். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சாலை விபத்துக்கானது. மரத்திலிருந்து விழுந்தவருக்குப் பொருந்தாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உடனே பதிவு செய்யுங்கள். தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரக்ஷா’ விபத்துக் காப்பீடும் இருக்கிறது. தம்பி பெயர் அதில் இருக்கிறதா என்று அவரை வேலைக்கு அழைத்துப்போகிறவரிடம் விசாரியுங்கள். இல்லையென்றால் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

இரவுப்பணி

நேற்று எழுத விட்டுப்போனது, தோல். உணர்வு இல்லாத இடத்தில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கினால் வலிக்காது. அவர் முனகமாட்டார், புரளமாட்டார். இரத்த அழுத்தமும் குறைவாக இருப்பதால் மற்ற நோயாளிகளைவிட விரைவில் தோல் செத்துப்போகிறது. வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்த இடம், அழுத்தினால் வெளுக்காமல் அப்படியே இருந்தால், புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். அது ஆழமான குழியாக மாறிவிட்டால் மறுவாழ்வுப் பயிற்சி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். நான் பார்த்தவரை, தண்டுவட நோயாளிகளின் வாழ்க்கையை அறுவை சிகிச்சையைவிட அதிகமாகத் தீர்மானித்தது இந்தப் புண்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். கழுத்துக்கு உறுதியில்லாத நிலையில் மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒரே நேரத்தில் தலை, தோள், இடுப்பு, கால் அனைத்தும் சேர்ந்து திரும்ப வேண்டும். தலையைப் பிடிப்பவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்புவதை விடக் கூடாது. ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிற குடும்பங்கள் பல. குதிகாலை மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து உயர்த்துங்கள். காலருக்குள் மறைந்திருக்கும் முகவாயையும் பின்மண்டையையும் செவிலியர் துணையோடு தினமும் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் பார்க்க மறக்கும் இடம் அதுதான்.

ஒரு செவிலிக்கு எத்தனை படுக்கை என்பது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே, திருப்புவதற்கு நாங்களும் கைகொடுக்கிறோம், கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் மறுக்கமாட்டார்கள்.

கைவாகு

இயன்முறை மருத்துவராக இரண்டு செய்திகள். முதலாவது, இருமல். நோயாளி இரும முயலும் அதே நொடியில் விலாவுக்குக் கீழே கை வைத்து உள்ளும் மேலுமாகத் தள்ளினால், செயலிழந்த வயிற்றுத் தசையின் வேலையை நம் கை செய்கிறது. இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம். பிரிவில் உள்ள இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் ஒவ்வொரு சளிக் காலத்திலும் இது தேவைப்படும்.

இரண்டாவது, விரல்கள். அன்பினால் உறவினர்கள் விரல்களை நீட்டி நீட்டி நீவிவிடுகிறார்கள். ஐந்து, ஆறாம் கண்டக் காயத்தில் இது கெடுதல் செய்யக்கூடும். பின்னாளில் மணிக்கட்டைத் தூக்கும் வலு வந்தால், மணிக்கட்டு உயரும்போது விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு டம்ளரைப் பற்றும் பிடி உண்டாகிறது. விரல் நாண்கள் சற்று இறுக்கமாக இருந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும். மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்களை மடக்கியும், மணிக்கட்டைக் கீழே விடும்போது விரல்களை நீட்டியும் பயிற்சி தர வேண்டும். இரண்டையும் ஒன்றாக நீட்டவே கூடாது.

சக்கரநாற்காலிக்காரன்

எனக்கும் கழுத்தில்தான் காயம். ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மருத்துவர்கள் எழுதியவை எல்லாம் சரி. படுத்திருக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

குழாய் தொண்டையில் இருக்கும்போது அறிவு முழுதாக இருக்கிறது, வாய் மட்டும் இல்லை. சுற்றி நிற்பவர்கள் நான் மயங்கியிருப்பதாக எண்ணி என் எதிர்காலத்தை என் தலைக்கு மேலேயே பேசினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓர் அட்டையில் உயிரெழுத்துகளை மேலே ஒரு வரிசையாகவும் மெய்யெழுத்துகளை இடப்பக்கம் மூன்று கட்டமாகவும் எழுதிக்கொள்ளுங்கள்: வல்லினம், மெல்லினம், இடையினம். முதலில் எந்தக் கட்டம் என்று கேளுங்கள். இமை மூடினால் ஆம். பிறகு அந்தக் கட்டத்துக்குள் எழுத்து, பிறகு உயிர். 247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்லி மாளாது. இந்த முறையில் ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் போதும். ‘தாகம்’, ‘பயம்’, ‘காலை மாற்று’, ‘விளக்கை அணை’ போன்றவற்றைத் தனியே எழுதி வைத்துவிட்டால் இன்னும் எளிது.

இரவையும் பகலையும் பிரித்துக் கொடுங்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவனுக்குக் கூரையைத் தவிர வேறு உலகம் இல்லை. மணி என்ன, என்ன கிழமை, யார் வந்திருக்கிறார்கள் என்று அவன் பார்வைக்குள் முகத்தைக் கொண்டுவந்து சொல்லுங்கள்.

என்னிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியே வைத்திருந்தார்கள். உண்மை தெரிந்த நாளில் காயத்தைவிட அந்தப் பொய்தான் அதிகம் வலித்தது.

கேள்விக்குறி

இதில் எனக்கு உடன்பாடில்லை. வென்டிலேட்டரில் கிடக்கிற இளைஞனிடம் இனி நடக்கமாட்டாய் என்று சொல்வது எந்த வகை நேர்மை? நம்பிக்கைதானே மருந்து?

மயக்கவியலார்

யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. முதல் நாளில் தண்டுவடம் காயத்துக்குக் கீழே முழுதும் ஊமையாகிவிடும். அனிச்சைச் செயல்கள்கூட இருக்காது. அந்த நிலை தணியும்வரை தீர்ப்பு எழுதுவது அவசரம். ஏறத்தாழ 72 மணி நேரத்துக்குப் பின், நோயாளி தெளிவாக இருக்கும்போது செய்யும் சோதனைதான் ஓரளவு நம்பத்தக்கது. அதில் ஆசனவாய்ப் பகுதியில் தொடு உணர்வோ இறுக்கும் வலுவோ இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். தண்டுவடத்தின் கடைசிக் கண்டங்கள் வரை ஏதேனும் செய்தி போய் வருகிறது என்றால் காயம் முழுமையன்று. முன்னேற்றத்துக்கு இடம் கூடுதல். ஆங்கில எழுத்துகளில் ஏ (A) முதல் இ (E) வரை தரவரிசை உண்டு. ஏ என்றால் முழுக் காயம். ஏ-யில் தொடங்கியவர்களில் சிறு பங்கினரே அதைவிட மேம்பட்ட அடுத்த தரங்களுக்கு நகர்கிறார்கள். ஆனால் முழுக் காயத்திலும் ஒரு கண்டம் கீழே வலு இறங்கி வருவது அரிதன்று. ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு, கைவாகு சொன்ன அந்த டம்ளர் பிடி. அவர் எந்தத் தரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தம்பி கேட்டால், ‘இன்னும் தெரியவில்லை, இதுவரை தெரிந்தது இது’ என்று சொல்லுங்கள். அது பொய்யுமில்லை, கொடுமையுமில்லை.

குற்றாலச்சாரல்

அனைவருக்கும் நன்றி. இதையெல்லாம் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்டுவிட்டார். அட்டையும் எழுதியாயிற்று. இப்போது உறவினர்கள் சென்னைக்கோ வேலூருக்கோ மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றலாமா? மாற்றினால் எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

மயக்கவியலார்

நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும்வரை மாற்றாதீர்கள். நெடுந்தூரப் பயணத்தில் அழுத்தம் இறங்கினால் ஆம்புலன்சுக்குள் செய்யக்கூடியது குறைவு. அழுத்தம் மருந்தில்லாமல் நின்று, துளை ஆறி, பகலில் சில மணி நேரமாவது தானே மூச்சுவிடத் தொடங்கிய பிறகு மாற்றுவது பாதுகாப்பு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை உருவாக்கியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் பழுதாகி, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. உங்கள் தென்காசி மாவட்டத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ற மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் காயமுற்ற எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. தீவிர சிகிச்சைக்கு அது இடமில்லை. அடுத்த கட்டத்துக்கு இப்போதே போய்ப் பேசி வையுங்கள்.

மாற்றும்போது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை: தரவரிசைச் சோதனையின் முடிவு, காலில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் எப்போது தொடங்கப்பட்டது, சிறுநீர்க் குழாய் எப்போது மாற்றப்பட்டது, தோலின் நிலை. இன்னொரு குறிப்பும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். காயத்துக்குச் சில நாள் கழித்துத் தொடங்கிப் பல மாதங்கள் வரை சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தை இவருக்குப் போடக் கூடாது. பொட்டாசியம் திடீரென ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். எங்கள் துறையினர் அறிந்ததுதான், என்றாலும் நள்ளிரவு அவசரத்தில் புதியவர் ஒருவர் கையில் தாள் இருப்பது நல்லது.

சக்கரநாற்காலிக்காரன்

அதே தாளில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்துத் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள் திரும்பியதும், சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ மலம் இறுகினாலோ தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்து, இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். மார்பின் ஆறாம் கண்டத்துக்கு மேலே காயமுற்ற எங்களுக்கே உரிய ஆபத்து இது. எங்களுக்கு வழக்கமான அழுத்தமே 90 முதல் 110 வரைதான் என்பதால் 150 என்பதே மிக அதிகம்; சிறிய மருத்துவமனைகளில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியையும் வயிற்றுப் பட்டையையும் தளர்த்துங்கள், குழாயைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரையும் அழையுங்கள். பெரும்பாலும் அந்தக் குழாயில்தான் காரணம் இருக்கும்.